ஓட்டக்காரன் எழுத்து

முள்ளியவளையில் பதாகை அடிக்கிற என் கடைக் கணினியில் ஒரு எழுத்து வகை இருக்கிறது. தடித்தது, ஒடுங்கியது, வலப்பக்கம் சரிந்தது. அதன் சொந்தப் பெயர் வாயில் நுழையாது; நான் வைத்த பெயர் ஓட்டக்காரன். மலிவு விற்பனைக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் இதை விட்டால் வேறு இல்லை. ஒடுங்கி நிற்பதால் நீளமான வசனமும் ஒரே வரியில் பெரிதாக விழும், ஓடுகிற பஸ்ஸிலிருந்தும் வாசிக்கலாம். செத்தவர்களுக்கு மட்டும் பாவிக்க மாட்டேன். அவர்களுக்கு அகலமான, நிமிர்ந்த எழுத்து. நானே போட்ட சட்டம்; என் கடை, என் பிடிவாதம்.

கமலாசனியம்மாவின் மகன் சுஜிதன் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். ஒவ்வொரு வருடமும் காணாமல் போனவர்களைத் தேடும் போராட்டத்துக்குப் பதாகை அடிக்க அம்மா வருவார். 'என் மகன் சுஜிதன் எங்கே?' ஓட்டக்காரனில்தான் வேண்டும் என்பார். வீட்டுக்குச் சுறுக்காய் ஓடி வருகிற பிள்ளை மாதிரி இருக்கிறதாம்.

இந்த முறை வந்தது வேறு அலுவலுக்கு. கணவர் ஏரம்பு இறந்துவிட்டார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் பதாகை. மகள் சாரங்கா வசனத்தை எழுதி வந்திருந்தாள். எங்கள் வழக்கப்படி உறவுகளின் பெயரெல்லாம் வர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்குப் பின்னால் அடைப்புக்குள் நாடு, இறந்தவருக்கு முன்னால் 'காலஞ்சென்ற'. அந்தச் சொல்லைச் சாரங்கா அண்ணனின் பெயருக்கு முன்னால் எழுதியிருந்தாள். அதற்குத்தான் தாய் வாசலிலேயே சண்டையைத் தொடங்கியிருந்தார்.

சாரங்காவும் விடவில்லை. அப்பா அந்த ஏக்கத்திலேயே போய்விட்டார், அண்ணாவும் இல்லைத்தான், இனியாவது அழுது முடிக்க வேண்டும் என்றாள். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இதென்ன சந்தையோ என்று ஏசி, இருவரையும் கதிரையில் இருத்தினேன்.

கமலாசனியம்மா கேட்டது ஒன்றுதான். அந்தச் சொல் வேண்டாம். மகனின் பெயரை மட்டும் சரிந்த எழுத்தில் போட வேண்டும். என் சட்டத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. போட்டேன். நிமிர்ந்த பெயர்களுக்கு நடுவில் சுஜிதன் மட்டும் கறுப்பாக, ஒடுங்கி, சரிந்து நின்றார். திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"விழப்போறவன் மாதிரியெல்லே நிக்கிறான்," என்றார். "இத்தனை வருசமும் இப்பிடியே சரிஞ்சு நிண்டவனோ? என்ர பிள்ளைக்குக் கால் நோகுமெல்லே. நிமித்திவிடு பிள்ளை."

நான் கேட்கப் பயந்ததையும் அவரே சொன்னார். "அந்தச் சொல்லையும் போடு. தேப்பனோட நிக்கட்டும்."

ஒரு சொடுக்குத்தான், பெயர் நிமிர்ந்தது. அகலமாகிவிட்டதால் வரியில் இடம் போதாமல் தனியாகக் கீழே இறங்கியது. அதற்கு முன்னால் அந்தச் சொல்லைத் தட்டத் தொடங்கினேன்.

சாரங்கா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாம் அக்கா, பழையபடி சரிச்சுவிடுங்கோ," என்றாள். "அம்மா நம்புறா எண்ட துணிவிலதானே நான் அண்ணா இல்லையெண்டு சொன்னனான். இனி ஆர் நம்புறது?"