அக்கா பாடும் இடம்

அக்காவின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டபோது சின்னவளின் விரல்கள் வழுக்கின. அவிழ்த்து மறுபடி இறுக்கினாள். அதிகமாக இறுக்கிவிட்டோமோ என்று தோன்றவே கொஞ்சம் தளர்த்தினாள்.

அறைக்கு வெளியே அவள் கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். “லீடு போயிட்டா” என்றார். விசும்பல்தான் கேட்டது.

சின்னவளின் கை அப்படியே நின்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை. அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்த அன்றுகூட ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பிக்கொண்டிருந்த மனிதர்.

லீடு என்பது அக்காவின் பெயர் அல்ல. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த அக்காவும், லிஃப்ட் மெக்கானிக்கான கணவரும், கீபோர்டு வாசிக்கும் ஒரு தையற்கடைக்காரரும் சேர்ந்து சனிக்கிழமைதோறும் ஓர் ஓட்டலில் பாடினார்கள். எல்லாம் எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுகள். தலையை உதறிப் பாடுகிற ராக், தோளில் சாய்ந்து ஆடுகிற மெதுவான காதல் பாட்டுகள். அக்கா முதல் குரல், அதாவது லீடு; கணவர் இரண்டாம் குரல். இன்னமும் அந்தப் பாட்டுகளைக் கேட்கவென்றே தலை நரைத்த ஜோடிகள் மேசை சொல்லிவைத்துக்கொண்டு வருவார்கள்.

“அவ என் கூடப்பிறந்தவ. அண்ணின்னு கூப்பிட்டா என்ன?” என்று கல்யாணமான புதிதில் சின்னவள் கேட்டாள்.

“மைக்ல அண்ணின்னு கூப்பிட்டா சாப்பிடறவங்களுக்குப் புரையேறிடும்” என்றார் அவர்.

அவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததே அக்காதான். “எனக்கு ரெண்டாம் குரல் கெடச்சாச்சு, உனக்கு மாப்பிள்ளை கெடச்சாச்சு” என்று சிரித்தாள். தனக்கென்று அவள் யாரையும் தேடவில்லை. இருவருக்குள்ளும் தப்பாக ஒன்றும் கிடையாது. சின்னவளுக்கு அதுதான் பெரிய கொடுமை. தப்பு என்றால் ஒருநாள் குடுமியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை மாலை ஒத்திகைக்கு அக்கா வருவாள். கூடத்தில் அவள் மூச்சை இழுத்தால் இவரும் இழுப்பார். அந்த இரண்டு மூச்சும் ஒன்றாகக் கிளம்புவது சமையலறைவரை கேட்கும். அவரோடு தான் அப்படி ஒரு தடவையாவது மூச்சு விட்டதுண்டா என்று யோசித்தபடி சின்னவள் காபிக்குப் பால் காய்ச்சுவாள். அவளுக்குச் சுருதி சேராது. அது சின்ன வயதிலேயே வீட்டில் முடிவாகிப்போன விஷயம்.

அக்காவின் நுரையீரலில் நோய் வந்து படுத்த பிறகு அவளைத் துடைத்துவிட்டது, கஞ்சியை மசித்து ஊட்டியது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டது எல்லாம் சின்னவள்தான். இரண்டு நாளாக அக்கா கண்ணையே திறக்காமல் கிடந்தாள். நேற்று மாலை கணவர் வேலையிலிருந்து வந்து, கையில் இருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். மெல்ல ஒரு பாட்டை எடுத்தார். பல்லவியை அவர் இரண்டாம் தடவை பாடும்போது அக்கா கண்ணைத் திறந்தாள்.

“ரெண்டாவது தடவ… சீக்கிரம் வந்துட்டீங்க” என்றாள்.

“சரி லீடு. திரும்பப் பாடறேன்” என்று அவர் சிரித்தார்.

அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. அதற்கு முன்பு சின்னவளிடம் கடைசியாகச் சொன்னது, “தண்ணி போதும்.”

துணி கட்டி முடித்துச் சேலையைச் சரிசெய்துவிட்டு அவள் வெளியே வந்தபோது தையற்கடைக்காரர் வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, தகன மண்டபத்துல ஒரே ஒரு பாட்டு…”

“பாட்டெல்லாம் வேணாம்ணே.”

“அவங்களுக்குப் பிடிச்சது…”

“அது ஓட்டல் இல்லண்ணே.”

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். “அவ சொல்றபடியே செய்யலாம்” என்றார். ஜெயித்த மாதிரி இருந்தது சின்னவளுக்கு. ஆனாலும் மார்புக்குள் காந்தல் அடங்கவில்லை.

மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எதிரே உருளைகள் பதித்த மேடைமேல் அக்காவின் பெட்டி. மண்டபத்து ஊழியர் கையைக் கட்டிக்கொண்டு, “யாராவது ரெண்டு வார்த்தை பேசறீங்களா?” என்று கேட்டார். கணவர் எழுந்தார்.

“அவ…” என்றார். “அவ வந்து…” பெட்டியின் பக்கம் திரும்பினார். பிறகு பாட ஆரம்பித்துவிட்டார்.

சின்னவளுக்குச் சுர்ரென்றது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பாடியது பாட்டு மாதிரியே இல்லை. ஒரே இடத்தில் தாழ்வாக நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. பின் வரிசையில், “என்ன பாட்டு இது?” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். சின்னவளுக்குப் புரிந்தது. அவர் தன்னுடைய இரண்டாம் குரலை மட்டும் பாடிக்கொண்டிருந்தார். முதல் குரலுக்கு உரிய இடத்தையெல்லாம் காலியாக விட்டிருந்தார். இப்போதும் அக்காவுக்குத்தான் இடம்.

சட்டென்று அவர் நிறுத்தினார். முன் வரிசையில் இருந்த சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சரி, ஆகட்டும்பா” என்றார். ஊழியர் போய்ப் பெட்டியில் கை வைத்தார்.

“இருங்க” என்றாள் சின்னவள். எழுந்து நின்றிருந்தாள். “இன்னும் முடியல சித்தப்பா.”

“அவர்தான் நிறுத்திட்டாரேம்மா.”

“அவர் நிறுத்தல. இது அக்கா பாடற இடம்.”

ஊழியர் கையை எடுத்துக்கொண்டார். சின்னவளுக்கு மட்டும் கேட்டது. அக்காவின் குரல் தனியாக மேலே ஏறும். ஏறிய இடத்தில் கொஞ்சம் நடுங்கும். அங்கிருந்து மெதுவாக இறங்கும். எத்தனை செவ்வாய்க்கிழமைகள்! அர்த்தம் தெரியாத அந்த வார்த்தைகள் ஒன்றுவிடாமல் வரிசையாக வந்தன. குரல் அடியில் வந்து சேர்ந்ததும் கணவர் மூச்சை இழுத்தார். அப்போதுதான் கவனித்தாள், அவளும் இழுத்திருந்தாள். அவர் பெட்டியைப் பார்த்தபடியே மீதியைப் பாடி முடித்தார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. தையற்கடைக்காரர் அவளிடம் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். கணவர் தங்கள் வேனின் பின்கதவைத் திறந்துவிட்டார். சின்னவள் எப்போதும் பின்னால்தான், ஸ்பீக்கர் பெட்டிகளோடும் கருவிப் பைகளோடும் உட்காருவாள். முன் இருக்கை அக்காவுக்கு; அவளுக்குக் கால் நீளம், மடக்க முடியாது.

சின்னவள் பின்கதவைச் சாத்தினாள். சுற்றி வந்து முன்கதவைத் திறந்து ஏறினாள். இருக்கை நன்றாகப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. அவள் பாதம் முன்பக்கப் பலகைக்கு எட்டவில்லை.

கணவர் வண்டியைக் கிளப்பவில்லை. குனிந்து இருக்கைக்கு அடியில் இருந்த பிடியைத் தேடினார்.

“முன்னாடி தள்ளி விடட்டுமா?”

“இருக்கட்டும், போங்க” என்றாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காலை நீட்டினாள்.