பதினெட்டு மில்லிமீட்டர்

பதினெட்டு. பதினெட்டுதான் எழுதினேன். அந்த டீச்சரின் வலது காலுக்கு அடியில் பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தேன். ஆறு மில்லி, இன்னொரு ஆறு, இன்னொரு ஆறு. மூன்றாவது துண்டை வைத்ததும் "அப்பாடா, இப்பத்தான் நேரா நிக்கிறேன்" என்றாள். இல்லை, அப்படிச் சொன்னது வேறு யாராவதா? சோல்காரர் ஷூவை அளந்து பார்த்துவிட்டுப் பன்னிரண்டு என்கிறாரே. அப்படியானால் என் கைதான் தவறியிருக்கும். எப்போதும் போல.

'எப்போதும் போல' என்று வந்ததும் அவளுடைய நினைப்பு அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு கால் குட்டையானவர்கள், பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள், விரல் மடங்கியவர்கள் என்று சாதாரணக் கடையில் செருப்பு கிடைக்காத எல்லோருக்கும் ஷூ செய்யும் பட்டறை அது. முதலாளி அவளுடைய அண்ணன். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கால் அளந்து வருவது அவள் வேலை. அந்த வேலையைத் தவிர வேறெதையும் அவள் 'என்னுடையது' என்று நினைத்ததில்லை. போன வாரம் அந்த டீச்சர் இங்கே செய்த ஷூவோடு பள்ளிக்கூட மாடிப்படியில் கால் இடறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். காலையில் டாக்டர் போன் செய்தார். "நாலு மணிக்கு வர்றேன். அளவுப் பதிவை நான் பாக்கணும். யார் தப்பா அளந்தாங்களோ, அவங்க இனிமே என் பேஷண்ட் காலைத் தொடக்கூடாது."

மணி மூன்றாகியிருந்தது. பசை நாற்றத்துக்கு நடுவே தோல் மூட்டையின் மேல் உட்கார்ந்து அவள் போனைத் திறந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படித் திறந்து பார்க்க வழியே இல்லை. அளவெல்லாம் அண்ணனின் கண்ணாடி அறைக்குள் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. அவள் சீட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பாள், அவன் ஏற்றுவான். ஷூவுக்கு அடிப்பாகம் போடும் சோல்காரர் ஒரு எண் கேட்பதற்கு அந்தக் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த அறைக்கு அவர் 'மீன்தொட்டி' என்று பெயர் வைத்திருந்தார். ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்துப்போனது. நானூறு பேரின் கால்கள் அதோடு போயின. திரும்ப ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி அளந்தவள் அவள்தான். அதற்குப் பிறகுதான் அளவுகளை இணையத்திலேயே வைக்கும் கிளவுடுக்கு மாறலாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"அளவையெல்லாம் மேகத்துல வைக்கப் போறாளாம். மழை பெஞ்சா யார் வீட்டுல போய் விழும்?" என்று அண்ணன் சிரித்தான்.

"இங்க வச்சது மட்டும் எங்க தங்குச்சு முதலாளி?" என்றார் சோல்காரர், சோலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புது மெஷின் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. மாதச் சந்தா, பட்டறையின் டீச் செலவை விடக் குறைவு. ஆளுக்கொரு கணக்கு அவள்தான் திறந்துகொடுத்தாள். ஆஸ்பத்திரியில் அவள் எண்ணைத் தட்டினால் அடுத்த நிமிடம் சோல்காரரின் போனில் தெரிந்தது. முதுகுவலிக்காரத் தையல் அக்கா வீட்டிலிருந்தபடியே அளவைப் பார்த்து மேல்தோலைத் தைத்து அனுப்பினாள். ஏழு பேர் இருக்கும் பட்டறை, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி வேலையையும் எடுத்துக்கொண்டது. மீன்தொட்டியின் கதவைத் தட்டுவது மெல்ல நின்றுபோனது. அது அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவள் சில சமயம் யோசித்ததுண்டு.

ஷீட்டில் டீச்சரின் வரிசையில் பன்னிரண்டு என்றே இருந்தது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். பிறகு, இதுவரை ஒருதடவைகூடத் தொடாத ஓரிடத்தைத் தொட்டாள்: முந்தைய மாற்றங்கள். எண்களை அவள் என்றைக்குமே சந்தேகித்ததில்லை. சந்தேகித்ததெல்லாம் தன்னைத்தான்.

செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது. அவள் பெயர். பதினெட்டு.

அன்றைக்கே மாலை ஐந்து ஐம்பது. அண்ணன் பெயர். பன்னிரண்டு.

அதற்கு முந்தைய மாதத்தைத் திறந்தாள், அதற்கும் முந்தையதை. இருபது பதினான்காக, பதினைந்து பத்தாக. முப்பத்தொரு இடம். ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஷூ சரியில்லை என்று ஆள் திரும்பி வந்த நாள், எல்லோர் முன்னாலும் அண்ணன் சொன்ன அதே வார்த்தை: "உனக்குக் கவனம் பத்தாது." பழைய கம்ப்யூட்டர் கடைசி எண்ணை மட்டும்தான் வைத்திருந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே பத்து வருடம் அவள் தன் கையை நம்பாமல் இருந்திருக்கிறாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போயிருக்கிறாள். பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது கணவனைக் கூப்பிட்டு மூடியின் அளவைக் காட்டியிருக்கிறாள்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. முதுகுதான் நிமிர்ந்தது.

"மீன்தொட்டியில தண்ணி கொதிக்குது, பாத்துப் போம்மா" என்றார் சோல்காரர்.

உள்ளே போய், போனை மேசைமேல் வைத்தாள். அண்ணன் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"இதெல்லாமா எழுதி வச்சுக்குது?"

"ஆமா."

"யார் தொட்டாங்க, எத்தனை மணிக்குன்னுகூடவா?"

"ஆமாண்ணா."

நாற்காலியில் சாய்ந்தான். "கேளு. அவ்வளவு தடிமனா சோல் போட்டா பொம்பளைங்களுக்கு நல்லாவா இருக்கும்? ரோட்டுல நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க. அதான் எப்பவும் மூணுல ஒரு பங்கு குறைச்சிடுவேன். நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"தொழிலை உன்கிட்ட கேட்டுத்தான் பண்ணணுமா?" என்றவன், உடனே குரலைத் தணித்தான். "சரி விடு. இதை அழிக்க வழியில்லையா?"

"எண்ணை மட்டும் புது ஷீட்டுக்கு மாத்திட்டுப் பழசை அழிச்சா போயிடும்." ஏன்தான் பதில் சொன்னோம் என்றிருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியே பழகிய நாக்கு.

"அப்ப செஞ்சிடு. ஷீட்டு உன் பேர்லதானே இருக்கு. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடு. டாக்டர்கிட்ட, அளக்கும்போது கை தவறிடுச்சுன்னு சொல்லு. உன்மேல அவருக்குப் பிரியம், ரெண்டு சத்தம் போட்டுட்டு விட்டுடுவார்."

"விடமாட்டார். இனிமே காலைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டார்."

"தொடாட்டி என்ன? வீட்டுல நிம்மதியா இரு." பிறகு, ஏதோ கண்டுபிடித்தவன் போல முன்னால் சாய்ந்தான். "அதுல உன் தப்பு ஒண்ணுகூட இல்லையாக்கும்?"

இருந்தது. ஒரு சிறுமியின் இடதையும் வலதையும் மாற்றி எழுதி, மூன்றாம் நாள் அவளாகவே திருத்தியிருந்தாள். அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பழைய ஷீட் போனால் அதுவும் போய்விடும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த ஆசை அவளைத் தொட்டது.

"இருக்கு," என்றாள். "அதுவும் இருக்கட்டும்."

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மணி நாலாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. சோல்காரரின் சுத்தியல் நின்றது.

"கடை போச்சுன்னா உனக்கும்தான் போச்சு, தெரியுமில்ல?"

"நீயே சொல்லிடுண்ணா, ஏன் குறைச்சேன்னு. நான் உன் பக்கத்துலயே நிக்கிறேன்."

"உன் அண்ணன் அந்த ஆள் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணுமா?"

முப்பத்தொரு தடவை, என்று அவளுக்குள் ஒரு குரல் எண்ணிச் சொன்னது. அதற்கு முன்னால் எத்தனை தடவையோ, அதற்குப் பதிவு இல்லை.

அண்ணன் போனை அவள் பக்கம் தள்ளினான். "ஒரு நிமிஷ வேலை. அழிச்சிடும்மா."

அவன் 'அம்மா' போட்டு அவளைக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. அவள் போனை எடுத்துத் திரையை அணைத்துப் பையில் வைத்தாள். பலகையின் மேல் ஏறத் தடுமாறுபவர்களிடம் 'பயப்படாம நில்லுங்க' என்று சொல்வாளே, அதே குரல்தான் வந்தது.

"மாட்டேண்ணா."