திட்டுவதற்கு இரண்டு பேர்

காலையில் துப்பாக்கியின் குறிபார்க்கும் திருகைச் சரிபார்த்தபோது வலப்பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு கிளிக் வலது" என்றார் பயிற்சியாளர் தர்மோ, தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திருப்பினேன். அடுத்த ஐந்து தோட்டாக்களும் காகித இலக்கின் நடுவில் போய் விழுந்தன. பயிற்சியாளர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்தால் பாராட்டுகிறார் என்று அர்த்தம். நான் மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டேன்.

"ரெண்டுதானே?"

"ரெண்டுதான். எழுதித் தரட்டுமா?"

பக்கத்துப் பாயில் படுத்திருந்த கெர்த்து சிரித்தாள். "எழுதிக் குடுத்தா கையெழுத்து உங்களுதுதானான்னு கேப்பா."

ஓத்தேபாவில் நடந்த இளையோர் உலகப் போட்டியின் கடைசி நாள் அது. பெண்களுக்கான தொடரோட்டம்: ஒவ்வொருத்தியும் பனியில் ஸ்கீயில் ஓடி, இடையில் ஒருமுறை படுத்தும் ஒருமுறை நின்றும் ஐந்து வட்டங்களைச் சுட வேண்டும். எஸ்தோனியாவுக்கு நாங்கள் மூன்று பேர்: லீஸ்பெத் முதலில், கெர்த்து இரண்டாவது, நான் கடைசி. முதல் ஆறு இடங்களுக்குள் வந்தால் மூவருக்கும் அடுத்த ஆண்டு தேசிய அணியில் இடம் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். எனக்கும் லீஸ்பெத்துக்கும் இந்த வயதுப் பிரிவில் இன்னொரு ஆண்டு பாக்கி இருந்தது. கெர்த்துவுக்கு இல்லை. ஆறுக்குள் வராவிட்டால் அவள் வோருவில் அம்மாவின் பேக்கரிக்குப் போய்விட வேண்டியதுதான். அது கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய, கிரீம் பன் விற்கும் காலம் வேறு. அவள் அம்மா தினமும் கூப்பிட்டு, "எப்ப வர்ற?" என்று மட்டும் கேட்பாள்.

இதை எல்லோரும் அறிந்திருந்தோம். யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கெர்த்து ஒரு முறையாவது "ஒழுங்கா சுடு" என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

போட்டியைத் தொடங்கும் துப்பாக்கி வெடித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கீக்கு மெழுகு தேய்க்கும் குடிசைக்குள் போனேன். வெளியே வந்தேன். தோட்டாப் பெட்டிகளைத் திறந்து பார்த்து மூடினேன். ஐந்தில் தவறினால் கையால் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டிய உபரித் தோட்டாக்கள், ஒவ்வொரு முறை சுடுவதற்கும் மும்மூன்று, இடத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டேன். கையுறையைப் போட்டுக்கொண்ட பிறகு, தொட்டது உண்மைதானா என்று சந்தேகம் வந்தது. கையுறையைக் கழற்றி மறுபடி தொட்டேன். மாலைப் பள்ளியில் கணக்குத் தேர்விலும் எனக்கு இதே கதைதான். முதல் விடையைச் சரிபார்த்துச் சரிபார்த்துக் கடைசிக் கேள்விக்கு வரவே மாட்டேன்.

லீஸ்பெத் எட்டாவதாக வந்தாள். கெர்த்துவின் தோளைத் தொட்டுவிட்டு அப்படியே பனியில் விழுந்தாள்.

அப்புறம் கெர்த்து. அவள் சுட்டதை நான் பார்க்கவில்லை. கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு கறுப்பு வட்டமும் வெள்ளையாகும்போது மைதானம் ஒருமுறை உறுமும். ஐந்து உறுமல், இடைவெளியே இல்லாமல். நின்று சுடும்போதும் ஐந்து. கடைசி இறக்கத்தில் அவள் தலை தெரிந்தபோது முன்னால் மூன்று பேர்தான் இருந்தார்கள். நான்காவது.

என் முதுகில் அவள் கை விழுந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, "போடி" என்றாள். அவ்வளவுதான்.

முதல் சுற்றை முடித்துச் சுடுமேடைக்கு வந்தபோது காற்று நின்றிருந்தது. கம்பங்களில் கொடிகள் ஈரத் துணி மாதிரி தொங்கின. காலையில் வைத்த இரண்டு கிளிக்கைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. ஆனால் இலக்குக்குப் பக்கத்தில் காற்று இருந்தால்? தர்மோ பார்த்துத்தானே சொன்னார்? திருப்பவில்லை. படுத்து, முதல் இரண்டைச் சுட்டேன். இரண்டும் தவறின.

"ரெண்டு இடது, மாரித்!" வேலிக்குப் பின்னாலிருந்து தர்மோவின் குரல் வந்தது.

திருப்பினேன். அடுத்த மூன்றும் விழுந்தன. மிச்சமிருந்த இரண்டு வட்டங்களுக்கு உபரித் தோட்டா இரண்டு போயிற்று. தண்டனைச் சுற்று இல்லாமல் ஐந்தாவதாகக் கிளம்பினேன்.

காட்டுக்குள் ஏற்றம் முழுக்க தர்மோவைத் திட்டிக்கொண்டே போனேன். காலையில வலது, இப்ப இடது, ஒரு மனுசன் ஒரு பக்கமா நிக்க மாட்டானா. தப்பு என்னுடையது என்று தெரியும். ஆனாலும் திட்டினால் கால் வேகமாகப் போனது.

இந்த இடத்தில் எங்களுடைய திட்டும் முறையைச் சொல்ல வேண்டும். தவறவிட்ட ஒவ்வொரு வட்டத்துக்கும், சுடுமேடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய வளையத்தை ஒரு முறை சுற்ற வேண்டும். எண்ணுவது ஓடுகிறவளின் பொறுப்பு. மூச்சு முட்டும்போது இரண்டு வரைகூட எண்ண வராது, அதுவும் எனக்கு. போன குளிர்காலத்தில் கெர்த்துதான் வழி கண்டுபிடித்தாள்.

"எண்ணாத. ஆளத் திட்டு. மொத சுத்துக்கு என்னத் திட்டு. ரெண்டாவதுக்குத் தர்மோவ."

"மூணாவதுன்னா?"

"மூணு தப்பு விட்டா வீட்டுக்குப் போயிடு, சுத்தாத."

அதிலிருந்து சுற்றுக் கணக்கில் நான் தவறியதே இல்லை. வாயில் யார் இருக்கிறார்களோ, அந்தச் சுற்று.

நின்று சுட வந்தபோது கொடிகள் மறுபடி துள்ளிக்கொண்டிருந்தன. துப்பாக்கி முனை ஆடியது. ஐந்தில் இரண்டுதான் விழுந்தது. உபரித் தோட்டாவைப் பெட்டியின் பள்ளத்திலிருந்து எடுக்க மரத்த விரல்கள் வழுக்கின. மூன்றில் ஒன்று விழுந்தது. இரண்டு வட்டங்கள் கறுப்பாகவே என்னைப் பார்த்தன.

வளையத்துக்குள் நுழைந்தேன். கெர்த்து. உன்ன யாருடி நாலாவதா வரச் சொன்னது, எட்டாவதாவே குடுத்திருந்தா எனக்கு என்ன பயம். வளைவில் ஒரு ஜெர்மன் பெண் உள்பக்கமாக வெட்டி வந்தாள். என் கோலின் மேல் அவளுடைய ஸ்கீ ஏறியது. தடுமாறி நிமிர்ந்தேன். மணிகள், ஒலிபெருக்கி, யாரோ என் பெயர். தலையைத் தூக்கினால் வெளியேறும் வழி எதிரே இருந்தது. என் வாயில் வந்துகொண்டிருந்த திட்டு தர்மோவுக்கானது.

இது இரண்டாவது சுற்றின் தர்மோவா? இல்லை, காட்டிலிருந்து கூடவே வந்த தர்மோவா?

ஒரு சுற்று குறைந்தால் இரண்டு நிமிடம் தண்டனை. அணி கடைசிக்குப் போய்விடும். ஒன்று கூடினால் அரை நிமிடம் நட்டம். வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் என் கால் தானாகவே இடப்பக்கம், வளையத்துக்குள், திரும்பியது. திரும்பிய அந்த நொடியே அது தவறு என்று தோன்றியது. சரி என்று தோன்றும்போதும் எனக்கு அப்படித்தான் தோன்றும் என்பதால் அதை நம்பவில்லை.

வெளியே வந்தபோது நான் ஏழாவது. ஆறாவதாகப் போன ஃபின்லாந்துப் பெண்ணின் நீலத் தொப்பி மரங்களுக்கிடையில் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனேன். கடைசி ஏற்றத்தில் கெர்த்து வேலியை ஒட்டி என்கூடவே ஓடி வந்தாள். முழங்கால் அளவு பனியில். இறக்கத்தில் அந்தப் பெண்ணின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன். கோட்டுக்கு முன் காலை நீட்டினேன். அவளும் நீட்டினாள்.

திரையில் படத்தை நிறுத்திக் காட்டினார்கள். அவளுடைய ஸ்கீயின் முனை கோட்டைத் தாண்டியிருந்தது. என்னுடையது கோட்டின் மேல் இருந்தது.

தர்மோ ஒரு கோப்பையில் சூடான திராட்சைச் சாறு கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"ரெண்டுதான் இருந்துச்சு" என்றார். "மூணு போன."

"தெரியல."

"எனக்குத் தெரியும். பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கத்தினேன்."

"கேக்கல."

"அங்க எவனுக்கும் கேக்காது." காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டார். "காலையில வெச்ச அந்த ரெண்டு கிளிக்க எடுத்துடுன்னு கிளம்பறப்பவே சொல்லியிருக்கணும் நான்."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுவதற்கு எனக்கு ஆள் வேண்டியிருந்தது.

மெழுகுக் குடிசையில் கெர்த்து தனியாக இருந்தாள். துப்பாக்கியின் குழலுக்குள் துணியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த குழல். மேசையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. எடுக்கவில்லை.

"அம்மாவா?" என்றேன்.

"பன்னுக்கு ஆள் பத்தலையாம்." துணியை வெளியே இழுத்தாள். "பேசாம இரு கொஞ்ச நேரம். உன்மேல கோவமா இருக்கேன்."

என் துப்பாக்கியை எடுத்து நானும் துடைத்தேன். அவள் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். எண் பனியனைக் கழற்றி மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வெளியே நார்வேயின் தேசிய கீதம் தொடங்கி, முடிந்தது.

"என்னை என்னன்னு திட்டின?" என்றாள்.

"எதுக்கு நாலாவதா வந்தன்னு."

அவள் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு இல்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில். "ரெண்டாவதுல தர்மோவா?"

"அவரைக் காட்டுலேர்ந்தே திட்டிக்கிட்டு வந்தேன். அதுல கலந்து போச்சு."

"மூணாவதுல?"

யோசித்துப் பார்த்தேன். வளைவு ஞாபகம் இருந்தது, பனியில் விழுந்த என் நிழல் ஞாபகம் இருந்தது. வாயில் எதுவும் இல்லை.

"யாரையும் இல்ல. மூணாவதுக்கு நாம ஆளே வைக்கலையே."

கெர்த்து பெட்டியைத் தோளில் மாட்டினாள். போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை கையில் எடுத்து, யார் என்று பார்த்தாள்.

"அடுத்த வருஷம்னு ஒண்ணு இருந்திருந்தா வெச்சிருக்கலாம்" என்றாள். பிறகு போனைக் காதில் வைத்து, "சொல்லும்மா" என்றபடி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.