முகம் பார்த்துக் கேட்க வேண்டும்

அய்யனார் கள்ளக்குறிச்சிக்கு வந்தது கருகிப்போன கிணற்று மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட. மகளைப் பார்க்க அல்ல. மணிமொழி அந்த ஊரில்தான் குடியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். எந்தத் தெரு என்று யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை. காலனிப் பையன் சின்னதுரையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவள் போய் நாலு வருஷமாகிறது. எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டில் இனி அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். மனைவி தங்கமணி அதைப் பாதிதான் கேட்டாள். அவர் இல்லாத நேரத்தில் எடுத்தாள்.

அது எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அவருடைய சாதிச் சங்கத்தார் ஊர் ஊராகச் சொல்லியிருந்தார்கள். அய்யனாரின் மகன் அன்புச்செல்வனும் மறியலுக்குப் போகிறவன்தான். பி.காம். முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப்போட்டு எழுதிப்போட்டுச் சலித்துப்போனவன். மறியல் தொடங்குவதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் அய்யனார் கிளம்பினார். பட்டறைக்காரர் இழுத்தடித்து, சாயங்காலம் மோட்டாரைக் கோணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பார்த்தால் ஒரு பஸ் இல்லை. உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள் என்றார்கள். லாட்ஜுகளும் சாத்திக் கிடந்தன.

மோட்டாரின் மேலேயே உட்கார்ந்திருந்தவரை மண்ணெண்ணெய் டின்னோடு போய்க்கொண்டிருந்த மணிமொழி பார்த்தாள். முதலில் நின்றாள். பிறகு பக்கத்தில் வந்தாள்.

"பஸ் வராதுப்பா. ஒரு வாரத்துக்கு வராதுன்றாங்க. வூட்டுக்கு வா."

"நா இங்கயே படுத்துக்கறேன். நீ போ."

அவள் வாதாடவில்லை. மூணு சக்கர ரிக்‌ஷா ஒன்றைக் கூப்பிட்டாள். "இந்த மோட்டார ஏத்துங்க" என்று சொல்லித் தெருப்பெயரையும் சொன்னாள். ரிக்‌ஷாக்காரரும் இன்னொருவரும் தூக்க வந்ததும் அய்யனார் எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று. மோட்டார் போகிறது. அதை விட்டுவிட்டு அவர் எங்கே போவார்? தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

ஓட்டு வீடு, இரண்டு அறை. சின்னதுரை வாசலுக்கு வந்து, "வாங்க" என்றான். அய்யனார் சுவரைப் பார்த்தபடி உள்ளே நுழைந்தார். அவனுடைய அம்மா சாலம்மாள் அடுப்படிக்குள் போனவள் அன்று வெளியே வரவேயில்லை. பசியில்லை என்று சொல்லி இரண்டு வாழைப்பழத்தோடு அய்யனார் படுத்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம் வைராக்கியம் முறிந்தது. மணிமொழி சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். ஒரு வாய் வைத்ததுமே அது மகளின் கைப்பக்குவம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் இன்னொரு முறை ஊற்றச் சொன்னார்.

சின்னதுரைக்குப் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. ஆபீஸ் மூடியிருந்ததால் அவனும் வீட்டில்தான் இருந்தான். அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அய்யனார் மகளிடம் சொன்னார். "மணி, அந்த ஃபேன கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லு." அவன் ஃபேனுக்குக் கீழேதான் நிற்பான்.

சாயங்காலமானதும் சின்னதுரை தரையில் ஒரு பெரிய காகிதத்தை விரித்தான். பழைய பிளான் தாளின் பின்பக்கம். கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. ஒரு மூலையில் கல்வராயன் மலை. அதிலிருந்து ஓர் ஓடை இறங்கிக் குறுக்கே ஓடியது. மற்றதெல்லாம் வெறும் நிலம். கல்யாணமான புதிதில் சொந்தக்காரர் யாரும் வந்து போகாத வீட்டில் பொழுது போகாமல், புருஷனும் பெண்டாட்டியுமாக உண்டாக்கிய ஆட்டம் அது. 'ஊர் கட்டறது' என்று அதற்குப் பேர்.

கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த அய்யனாருக்குக் காது அங்கேதான் இருந்தது. எதிர்வீட்டுக் காசியம்மாள் ஆட வந்திருந்தாள். புதிதாய் ஆடுகிறவளுக்கு மணிமொழி விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பையில செங்கல் சில்லு இருக்கு, தீக்குச்சி இருக்கு, புளியங்கொட்ட இருக்கு. குச்சிதான் மரம், கொட்டதான் தண்ணி. ஒரு தரத்துக்குப் பாக்காம மூணு எடுக்கணும். ரெண்டு செங்கல்லு ஒரு குச்சி வெச்சா ஒரு வூடு. ஒரு செங்கல்லு ஒரு கட்டம் ரோடு. ரோடு இல்லாத எடத்துல வூடு கட்டக் கூடாது. மூணு கொட்டயும் ஒரு செங்கல்லும் வெச்சா ஒரு கெணறு. கெணத்துக்கு ரெண்டு கட்டத்துக்குள்ள இருக்கற வூட்லதான் ஆளு குடி வருவாங்க. மத்தது பூட்டின வூடு, கணக்குல வராது. கையில இல்லாதத அடுத்தவங்ககிட்ட பேரம் பேசி மாத்திக்கலாம்."

"பள்ளிக்கூடம்?"

"பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, சந்த, இதெல்லாம் ஒத்த ஆளால கட்ட முடியாது. ரெண்டு பேரு சேந்து ஆளுக்கு நாலு செங்கல் போடணும். ரெண்டு பேருக்குமே மூணு மூணு பாயிண்ட்டு. ஆளு இருக்கற வூட்டுக்கு ஒண்ணு. பை காலியானா ஆட்டம் முடிஞ்சுது, ஜாஸ்தி யாருக்கோ அவங்க கெலிச்சாங்க. கறுப்புக் கல்லு ரெண்டு மூணு கெடக்குது உள்ள. அது வந்தா வெள்ளம். ஓடக்கரயில இருக்கற வூடெல்லாம் போச்சு."

மறுநாள் காசியம்மாள் வரவில்லை. அவள் இடத்தில் சாலம்மாள் உட்கார்ந்தாள். அய்யனார் இந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. சாலம்மாள் ஓடைக்கரையில் வரிசையாக வீடு வைத்துக்கொண்டே போனதைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"மணி, அந்தம்மாகிட்ட சொல்லு. அது பள்ளம். மழ வந்தா மொத்தமா அடிச்சிக்கினு பூடும்."

சாலம்மாள் தலையைத் தூக்கவில்லை. "தெரிஞ்சவங்க ஒக்காந்து ஆடட்டும்" என்றாள்.

அய்யனார் கட்டிலை விட்டு இறங்கி உட்கார்ந்தார்.

மேட்டில் இடம் பிடித்தார். ரோடு போட்டார். இரண்டு வீடும் கட்டினார். பிறகு கையில் வெறும் தீக்குச்சியாகவே சேர்ந்தது. சின்னதுரையின் முன்னால் செங்கல் குவிந்து கிடந்தது.

"மணி, அவருகிட்ட ரெண்டு செங்கல் கேளு. குச்சி குடுக்கறன்னு சொல்லு."

"நா கேட்டா செல்லாதுப்பா. வேணுங்கறவங்கதான் கேக்கணும். குடுக்கறவங்க மொகத்தப் பாத்துக் கேக்கணும். அது ரூலு."

சின்னதுரை சட்டென்று நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அய்யனாருக்குப் புரிந்துவிட்டது, இப்படி ஒரு ரூல் இந்த நிமிஷம் வரை கிடையாது. மணிமொழியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சின்ன வயதில் களத்தில் நெல்லை மிதித்துக் கலைத்துவிட்டுக் கோழி என்று சொன்னபோதும் இதே முகம்தான்.

அவர் கேட்கவில்லை. அடுத்த சுற்றும் கேட்கவில்லை. அவருடைய இரண்டு வீடும் கிணறில்லாமல் பூட்டிக் கிடந்தன. ஓடையில் வெள்ளமும் வந்தபாடில்லை. சாலம்மாளுக்கு ஆறு வீடாகிவிட்டது.

"ரெண்டு செங்கல் வேணும்" என்றார், காகிதத்தைப் பார்த்து.

"மொகத்த" என்றாள் மணிமொழி.

அய்யனார் நிமிர்ந்தார். அவனை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. காதோரம் நரைக்க ஆரம்பித்திருந்தது. இந்த வயசுக்கு அது சீக்கிரம். "தம்பி, ரெண்டு செங்கல் குடேன்" என்றார்.

"மூணு எடுத்துக்குங்க. நாலு குச்சி குடுங்க."

"நாலா? இன்னா அநியாயமா கீது. ரெண்டு தரேன்."

"மூணு."

"செரி, எடு."

பேரம் என்று வந்துவிட்டால் அய்யனாருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். அதே சூட்டில் சாலம்மாள் பக்கம் திரும்பி, "நீங்க ரெண்டு புளியங்கொட்ட குடுங்க. கெணறு வெட்டணும்" என்றார்.

சாலம்மாள் இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். எத்தனையோ கிணற்றடியில் எட்டி நின்று, யாராவது சாய்த்து ஊற்றுகிற தண்ணீருக்குக் கையைக் குவித்தவள். "தண்ணி குடுக்கறதுக்கில்லிங்க" என்றாள்.

"நா ஆட்டத்துல கேக்கறேன்."

"நானும் ஆட்டத்துலதான் சொல்றேன்."

அய்யனார் குச்சிகளை அடுக்கி அடுக்கிக் கலைத்தார். அன்று அவருக்குத்தான் எல்லாரையும்விடக் கம்மி. ஜெயித்தது சாலம்மாள்.

அதற்கு அடுத்த நாள் ஆட்டம் இல்லை. எங்கோ ஓர் ஊரில் காலனிக் குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள், ஒரு தெருவே போய்விட்டது என்று காசியம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போனாள். சாலம்மாள் பின்கதவை இரண்டு தடவை திறந்து பார்த்தாள். கை கழுவப் போன அய்யனார் அந்தக் கதவோரம் ஒரு துணிப்பை இருப்பதைக் கண்டார். மாற்றுப்புடவை, சின்னதுரையின் சர்ட்டிஃபிகேட் கட்டு, கொஞ்சம் அவல். ஓடுவதற்குத் தயாராக வைத்த பை.

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் இருக்கும்போது இவர்களுக்கு என்ன பயம்? பிறகு மெதுவாகத் தோன்றியது: நான் இருப்பதாலேயும் இருக்கலாம். நாலு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாயத்தில் அந்தப் பையனை என்ன செய்வேன் என்று ஊரறியக் கத்தியது அவர்தான். அந்தச் சத்தம் சாலம்மாள் காதுக்கும் போயிருக்கும்.

கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு போய்த் தெருக்கதவை ஒட்டிப் போட்டார். அடுப்படி வாசலில் நின்று, "பைய எடுத்து உள்ள வையுங்க. நா வாசல்ல இருக்கறேன்" என்றார். சாலம்மாள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பையை அங்கிருந்து எடுத்தாள். உள்ளே வைத்தாளா என்று அவர் போய்ப் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கையில் கழியோடு நாலைந்து பேர் தெருவில் வந்தார்கள். ஒருவன் நின்றான். "பெரியவரே, எந்தூரு? இங்க இன்னா பண்றீங்க?"

"எம் பொண்ணு வூடு. நீ எந்தூரு? யாரு மவன்?" என்றார் அய்யனார், எழுந்திருக்காமலே.

அந்தக் குரலில் இருந்த அதிகாரம் அவனுக்குப் பழக்கப்பட்டதாக இருந்திருக்க வேண்டும். "சும்மா கேட்டேங்க" என்று நடந்துவிட்டான். அவர்கள் தெரு முனை திரும்புகிறவரை அய்யனார் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னதுரை டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றான்.

"எம் பையனும் ரோட்லதான் நிக்கறான். படிச்சிட்டு வேல இல்ல" என்றார் அய்யனார். நியாயம் சொல்வதுபோலவும் இருந்தது, வேறு எதுவோ கேட்பதுபோலவும் இருந்தது.

"அன்பு கேக்கறது நியாயந்தான். கோட்டாவுல வந்தவன்னு எங்க ஆபீசுல இன்னிக்கும் சாடையா சொல்லுவாங்க. நாளைக்கு அவனையும் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க. வேல கெடைக்கட்டும்."

"குடிசயக் கொளுத்தறவனுக்கு எந்த வேலயும் கெடைக்கக் கூடாது."

"அதுவும் நியாயந்தான், மாமா."

மாமா என்றதை இருவருமே கவனித்தார்கள். அய்யனார் டீயைக் குடித்தார்.

மிச்ச நாட்களில் காலையிலேயே காகிதத்தை விரித்துவிட்டார்கள். அய்யனார் சந்தைக்கு நாலு செங்கல் போட்டுவிட்டு, கூட்டுக்கு ஆள் தேடினார். "நா வரேன், சம்பந்தி" என்று சாலம்மாள்தான் செங்கல்லை நகர்த்தினாள். அந்த ஆட்டத்தில் வெள்ளம் வந்தது. அவளுடைய ஓடைக்கரை வீடெல்லாம் போயிற்று. "நா அப்பவே சொன்னேன்" என்று அய்யனார் தொடையைத் தட்டினார். "சொன்னீங்க, சொன்னீங்க. பையக் குலுக்குங்க" என்றாள் அவள். மணிமொழி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போய்ச் சுவரில் சாய்ந்தாள்.

பாதை திறந்த அன்று சின்னதுரை ரிக்‌ஷாவோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்து, மோட்டாரை ஏற்றிவிட்டு, பஸ் நகரும்வரை கீழேயே நின்றான். பஸ்ஸில் கூட்டம். அய்யனாருக்குப் பக்கத்தில் அவருடைய ஊர் ஆதிமூலம். மூங்கில்துறைப்பட்டில் மச்சான் வீட்டில் மாட்டிக்கொண்டவர். வழியெல்லாம் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வெளுப்பாகத் தெரிந்தன.

"ஒரு வாரம் எங்க இருந்தீங்க? லாட்ஜா?" என்று ஆதிமூலம் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஊரில் ஆதிமூலத்திடம் ஒன்று சொன்னால் டீக்கடைக்கும் கோவில் வாசலுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"மருமவன் வூட்ல" என்றார் அய்யனார்.

ஆதிமூலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, "பொண்ணு நல்லாருக்குதா?" என்று கேட்டார்.

"நல்லாருக்கு."

வீட்டில் தங்கமணியிடம் அன்று சாயங்காலம் முழுக்கப் பேசினார். மகள் இளைக்கவில்லை, கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருக்கிறாள், பொய் சொன்னால் இப்போதும் முகத்தில் தெரிவதில்லை என்று சொன்னார். தெருப்பெயரையும் சொன்னார். அன்புச்செல்வன் தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான்.

மறுநாள் காலையில் தங்கமணி நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஒரு பை நிறையக் கேழ்வரகு மாவும் வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ரோட்டுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். அன்புச்செல்வன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். யார் முகத்தையும் பார்க்காமல், "ஏறு, பஸ் பூடும்" என்றான்.