அரை அங்குலச் சரிவு

கனடாவில், ஸ்காபரோவில் ட்ரெய்லர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இக்னேசியஸ் பதினாறு வருடமாக வெல்டர். அவன் ஒட்டிய ட்ரெய்லர்கள் எங்கெல்லாமோ ஓடுகின்றன. அவற்றை நினைத்து ஒரு நாளும் நித்திரை கெட்டதில்லை. சொந்த ஜீப்புக்குப் பின்பம்பர் செய்யத் தொடங்கிய பிறகுதான் நிம்மதி போயிற்று.

காட்டுப் பாதைகளில் ஓடுவதற்காக அவன் ஜீப்புக்குப் பெரிய ரயர்கள் போட்டிருந்தான். ஸ்பெயர் ரயர் பின்கதவில் தொங்கியது. அந்தப் பாரத்தைக் கதவு தாங்குமா என்று யோசிக்கவில்லை. வைகாசியில் வடக்கே போய்த் திரும்பும்போது நெடுஞ்சாலையில் கதவின் பிணைச்சல் முறிந்து ரயர் கழன்று விழுந்தது. பின்னால் காரில் வந்த பெண் சட்டென்று ஓரம் கட்டியதால் தப்பினாள். அவன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டபோது அவள் ஸ்டியரிங்கை விடாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசியிருந்தாலாவது பரவாயில்லை என்று அவனுக்குப் பட்டது.

பிக்கரிங் வீட்டுக் கராஜில் கடதாசி மட்டை வெட்டி அளவெடுத்து, தடித்த இரும்புத் தகட்டில் பம்பரை ஒட்டினான். ரயரைச் சுமக்க, பம்பரிலேயே கதவு மாதிரித் திறந்து மூடும் ஓர் இரும்புக் கை. ரயரை மாட்டித் திறந்தபோது அதன் நுனி அரை அங்குலம் சரிந்தது. கூட வேலை செய்யும் சீமோன் வந்து பார்த்து, எல்லாருடையதும் இப்படித்தான், மூடினால் சரியாகிவிடும் என்றான். இக்னேசியஸ் தலையாட்டினான். ஆனால் அன்று சாப்பாட்டின் நடுவே மூன்று தரம் எழுந்து போய் அதைத் திறந்து திறந்து மூடினான். மறுநாள் அதைக் கிரைண்டரால் வெட்டியெறிந்துவிட்டு, கை சுழல இன்னும் தடித்த அச்சு வைத்து ஒட்டினான். சரிவு நின்றது. அவன் மனம் நிற்கவில்லை.

மூன்று கிழமை பொறுத்துப் பார்த்த மனைவி பேர்ணடெற் ஒரு ஞாயிறு காலை கார்ச் சாவியை எடுத்தாள்.

“ஓடிப் பாத்தால்தானே தெரியும். நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் காரிலை பின்னாலை வாறன்.”

“நீர் பின்னாலை வரவேண்டாம்.”

“அப்ப வேறை ஆரின்ரையும் பிள்ளை பின்னாலை வந்தால் பரவாயில்லையோ?”

அவன் ஜீப்பில் ஏறினான்.

பிக்கரிங்குக்கு வடக்கே கல் ரோடு ஒன்றில் ஏறினார்கள். பின் கண்ணாடியை ரயர் பாதி மறைத்தது. பக்கக் கண்ணாடியில் அவளுடைய காரின் ஒரு விளக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் கண் அந்த விளக்குக்கே போனது. போனில் கூப்பிட்டுத் தள்ளி வரச் சொன்னான்.

“தள்ளித்தான் வாறன். நீங்கள் ரோட்டைப் பாருங்கோ.”

பத்துக் கிலோமீற்றர் ஓடி நிறுத்தினான். ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்தான். வெடிப்பு எதுவும் இல்லை. ஆனால் இரும்புக் கையைப் பூட்டி வைக்கும் கொளுக்கி இளகியிருந்தது. காவலுக்கென்று அவன் போட்ட இரண்டாவது ஆணிதான் கையைப் பிடித்திருந்தது. ரயர் ஆடினதைத் தான் கண்டதாகவும், விழவில்லைத்தானே என்றும் பேர்ணடெற் சொன்னாள். பட்டியால் இறுக்கிக் கட்டி, மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த நாள் தடித்த தகட்டில் புதுக் கொளுக்கி ஒட்டினான். பேர்ணடெற் அந்தக் கையில் முழுப் பாரத்தோடும் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

புரட்டாதியில் இருவரும் வடக்கே போனார்கள். பெற்றோல் அடிக்க நின்ற இடங்களிலெல்லாம் அவன் கதவைத் திறக்குமுன் அவள் இறங்கிப் போய், ரயரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

“இருக்கு,” என்பாள். “நீங்கள் பெற்றோலை அடியுங்கோ.”