ஜன்னலோரப் பயணியின் சாட்சியம்

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவள் விமானத்தில் ஏறிவிட்டாள் என்று அவன் தன் மனைவியைக் கேலி செய்வதுண்டு. இப்போது கேலி செய்ய அவள் இல்லை. போய் இரண்டாவது மாதம். ஒரு காலையில், அடுப்படியில், பால் பொங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது. இதயம் என்றார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் ஒன்றுதான் கேட்டார். இதற்கு முன்பே ஏதாவது தொந்தரவு இருந்திருக்குமே, வீட்டில் சொல்லவில்லையா? இல்லை என்றான். பிறகு அதையே மாமியார் கேட்டார். வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பின்னும் அவர் மட்டும் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். சமைப்பார், துவைப்பார், அவன் அலுவலகம் போகும்போது கதவருகே வந்து நிற்பார்.

“மாப்பிள்ளை, உங்ககிட்ட அவ ஒண்ணுமே சொல்லலையா?”

“இல்ல அத்தை.”

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போவார். நாலு நாள் கழித்து மறுபடியும் கேட்பார். அந்தத் தலையாட்டலுக்கு அவன் ஒரு அர்த்தம் வைத்திருந்தான். என் மகள் சொல்லியிருப்பாள், நீதான் காதில் வாங்கியிருக்க மாட்டாய். அவனுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. அவன் நில அளவை அலுவலகத்தில் வரைவாளன். அந்த மாதங்களில் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தைத் திறந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாத ஆள். அவள் சொல்லி, இவன் ம் கொட்டி, அப்படியே மறந்துபோனதா? இது ஒன்று தெரிந்தால் போதும். உலகத்தில் வேறெதையும் அவன் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அவள் கார் ஓட்டக் கற்கப் போன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் முதலாளி போன் செய்தார். ஞாயிறு மதியம் ஒரே ஒரு தடவை வந்து அவள் நாற்காலியில் உட்கார முடியுமா என்று கேட்டார். பேசவே வேண்டாம், உட்கார்ந்தால் போதும். வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால் கணக்கு உதைக்கிறது என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். சரி என்று வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது.

அது ஒரு கிறுக்குக் கூட்டம். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு விமானக் கடத்தல்தான் அவர்கள் பிழைப்பு. சின்ன விமானம். நடு இருக்கையில் இருந்த ஒரு மனிதன் பணிப்பெண்ணை அழைத்து, பையில் குண்டு இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னான். கைவிடப்பட்ட ஒரு பழைய ஓடுதளத்தில் இறக்கச் சொன்னான். இறங்கியது. பயணிகளை வெளியே விட்டான். போலீஸ் ஏறிப் பார்த்தபோது ஆளும் இல்லை, பையும் இல்லை. பயணிகளோடு பயணியாக அவனும் நடந்து போயிருக்க வேண்டும். அவன் யார், எதற்கு அந்த இடம், பையில் இருந்தது குண்டா கந்தல் துணியா, எதுவும் இன்றுவரை தெரியாது. போலீஸ் கைகழுவிய வழக்கை இவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துருவினார்கள்.

துருவுகிற முறைதான் விசேஷம். பென்சில், பேப்பர் கிடையாது. ஆளுக்கொருவர் விமானத்தில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் செய்தித்தாள்களில் வந்த அவருடைய வாக்குமூலத்தை நெட்டுரு போட வேண்டும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, “நான்” என்றுதான் பேச வேண்டும். நிறைய நாள் ஒருவர் இடத்தில் உட்கார்ந்தால் அவர் போலீஸிடம் சொல்லாததும் மேலே வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். முரண்பட்டுப் பிடிபட்டால் அபராதம், எல்லாருக்கும் டீ.

முதலாளி விமானி. ஸ்டியரிங்கை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்தான் பணிப்பெண். முழங்கால் வலிக்காரர், ஆனால் நாற்காலிகளுக்கு நடுவே நடக்கும்போது மட்டும் இருபது வயதுபோல முதுகு நிமிரும். மருந்துக்கடைக்காரர் நடைவழி ஓரத்துப் பயணி. கடத்தல்காரன் பேக்கரிக்காரர். எறும்பேறிய சர்க்கரையை வெயிலில் வைத்து, எறும்புகள் ஒவ்வொன்றாக விடைபெறும்வரை காத்திருக்கிற மனிதர். அவன் மனைவி ஜன்னலோரப் பயணி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு அங்கே பெயர் ஜன்னல்.

மாடி அறையில் போக்குவரத்துக் குறிகள் வரைந்த அட்டைகளின் கீழே நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. அவனை வலது கோடியில் உட்கார வைத்தார்கள். வலப்பக்கம் நிஜ ஜன்னல். கீழே பயிற்சி மைதானத்தில் யாரோ ஒரு காரைப் பின்னோக்கி எடுக்கத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் மடியில் ஒரு பழைய தோல்பையோடு பேக்கரிக்காரர். அவருக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரர்.

அவளைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. துக்கம் கேட்கத் தெரியாதவர்கள்போல நேராக விமானத்துக்குப் போய்விட்டார்கள். அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது.

அன்றைய வழக்கு, பை எங்கே இருந்தது என்பது. இருக்கைக்கு அடியில் என்றார் டீச்சர். நான் குனிந்து பார்த்தேன் என்றார். முழங்காலை வைத்துக்கொண்டு நீங்கள் குனிந்ததை நாங்கள் நம்ப வேண்டுமா என்றார் முதலாளி. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, விமானத்தை ஒழுங்காக ஓட்டுங்கள் என்றார் டீச்சர். பேக்கரிக்காரர் மட்டும், பை எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டால் நான் சொல்லிவிடுவேனே, அப்புறம் உங்களுக்கு வேலை இருக்காதே என்றார். சிரித்தார்கள். அவனுக்குக்கூட உதடு கொஞ்சம் அசைந்தது.

மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. தன் கட்சியை எடுத்து வைத்தார். பை கைப்பிடி மேல் இருந்தது. கடத்தல்காரனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில். நல்ல கனம். கந்தல் துணி அத்தனை கனக்காது, ஆகவே உள்ளே இருந்தது நிஜ குண்டு.

“எதை வச்சு சொல்றீங்க?” என்றார் முதலாளி.

“ஜன்னல் சொன்னதை வச்சுத்தான். இடது கை மரத்துப்போச்சு, விரல் நுனி வரைக்கும் சுரணை இல்லைன்னு மூணு வாரம் தொடர்ந்து சொல்லிச்சே. பை அழுத்தாம கை எப்படி மரத்துப்போகும்?”

அவன் ஜன்னலிலிருந்து திரும்பினான்.

“யார் சொன்னது?”

“ஜன்னல் தம்பி. உங்க வீட்டம்மா.”

“அது அந்தப் பயணியோட வாக்குமூலத்துல இருக்கா?”

இல்லை என்றார் டீச்சர். அதுதான் அதிசயம் என்றார். வாக்குமூலத்தில் இருப்பது நாலே வரி. வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்து ஆள் மரியாதையாக நடந்துகொண்டார், இவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்கள் மனைவி அந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து மேலே கொண்டுவந்தது. எங்கள் யாருக்கும் அப்படி வந்ததில்லை. டீச்சர் குரலில் பெருமை இருந்தது. முதலாளியும் சேர்ந்துகொண்டார். விமானத்தின் படி ஏறும்போது மூச்சு வாங்கியது என்று அவள் சொன்னாளாம். அதை வைத்துத்தான் படி செங்குத்து, ஆகவே ஏறியது பின்வாசல் வழியாக என்று இவர்கள் முடிவுக்கு வந்தார்களாம். தோளில் தொடங்கி தாடைவரை இழுத்தது என்றும் சொன்னாளாம். அதை மட்டும் மருந்துக்கடைக்காரர் ஏற்கவில்லையாம்.

“பை அழுத்தினா தாடை எதுக்கு வலிக்கணும்? பொருந்தலைன்னு தாடையை வழக்குல இருந்து எடுத்துட்டோம். கையும் தோளும் மட்டும்…”

அங்கே அவர் நின்றுவிட்டார்.

வாய் திறந்தபடி இருந்தது. சொல்ல வந்த சொல் உள்ளேயே எங்கோ விழுந்துவிட்டதுபோல. கண் மெல்ல அவன் பக்கம் வந்தது, வந்த வேகத்தில் தரைக்குப் போனது. அடுத்துப் புரிந்தது டீச்சருக்கு. நடைவழியில் நின்றிருந்தவர் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். முதலாளிக்குத்தான் கொஞ்சம் நேரமாயிற்று. என்ன, ஏன் எல்லாரும் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அவரும் அடங்கினார். கீழே கார் உறுமி நின்றது.

“தினம் நெஞ்சுவலி மாத்திரையைத்தான் நான் விக்கிறேன்,” என்றார் மருந்துக்கடைக்காரர். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

அவனுக்குக் கோபம் வரவில்லை. உள்ளங்காலுக்குக் கீழே தரை இருப்பது மட்டும் தெரியவில்லை. ஜன்னல், வெளிச்சம், சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட அட்டை, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவன்தான் வேறெங்கோ இருந்தான்.

“இன்னும் என்ன சொன்னா?” என்றான்.

இன்றைக்குப் போதும் தம்பி என்றார் முதலாளி. டீ சொல்லட்டுமா என்று கேட்டார். அவன் எழுந்திருக்கவில்லை. நிறுத்த வேண்டாம், அவள் சொன்னதெல்லாம் எனக்கு வேண்டும் என்றான்.

கடைசியில் பேக்கரிக்காரர்தான் பேசினார். அவன் முகத்தைப் பார்க்காமல், பையை மடியில் இறுக்கிக்கொண்டு, முன்னால் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி. வழக்கம்போலக் கடத்தல்காரனாகவே பேசினார். வேறு மாதிரி அவரால் முடிந்திருக்காது.

“நான் ஜன்னலைக் கேட்டேன். அவ்வளவு வலின்னா பணிப்பெண்ணைக் கூப்பிட்டிருக்கலாமே, ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்கன்னு கேட்டேன். கூப்பிட்டா எங்க வீட்டுக்காரர் காதுக்குப் போயிடும்னு சொன்னாங்க. அவருக்குப் பரீட்சை இருக்கு, ரெண்டு வருஷமாப் படிக்கிறார், அது முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன்னு சொன்னாங்க.”

இதைக் கேட்டதும் டீச்சர் உட்கார்ந்துவிட்டார். மீதியை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. நிஜமான ஜன்னலோரப் பயணி கல்யாணமாகாத கல்லூரி மாணவி. அது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணமே ஆகாத பெண்ணுக்கு வீட்டுக்காரர் எங்கேயிருந்து வந்தார் என்று டீச்சர் பாய்ந்து பிடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அதுவரை ஒரு தடவைகூட மாட்டாதவள் மாட்டிக்கொண்டாள் என்று ஒரே குஷி. ஜன்னலும் சிரித்தாள். அபராதம் கட்டுகிறேன் என்று இறங்கிப் போனாள். தூக்குவாளி நிறைய டீ வாங்கிக்கொண்டு அவளே மாடி ஏறி வந்தாள்.

“பாதிப் படியில நின்னு நின்னு வந்தா தம்பி. நான் மேல இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தோத்துப்போன வெட்கம்னு நெனச்சேன்.” டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். “ஆயுசு பூரா பேப்பர் திருத்தினவ நான். தப்பு கிடைச்சதும் சுழிச்சுட்டு அடுத்த பக்கம் போயிட்டேன்.”

அவன் மருந்துக்கடைக்காரரிடம் திரும்பினான். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிருந்தால் என்று கேட்டான். கேள்வியை முடிக்க முடியவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கலாம். யாரும் அவரைக் குறுக்கு விசாரணை செய்திருக்க மாட்டார்கள்.

“பொழைச்சிருக்கலாம்,” என்றார்.

அவன் எழுந்தான். பேக்கரிக்காரர் முழங்கால்களை ஒதுக்கி வழி விட்டார். மருந்துக்கடைக்காரரும் விட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். இறங்கி முடித்தது அவனுக்கு நினைவில்லை. தெருவில் நடந்துகொண்டிருந்தான்.

கேட்டது கிடைத்துவிட்டது. அவள் அவனிடம் சொல்லவில்லை. அவன் ம் கொட்டி மறக்கவில்லை. ஆனால் கிணறு வெட்டப் போய்க் கிளம்பியது பூதம். சொல்லாததற்குக் காரணம் அவனேதான். அந்தத் தேர்வில் அவன் தேறியிருந்தான். புது மேசை, ஜன்னல் பக்கமாக, தந்திருந்தார்கள்.

மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்று தெருமுனை வரை யோசித்தான். சொன்னால் அவர் அன்றைக்கே பெட்டியைக் கட்டலாம். என் மகளைவிட உன் பரீட்சை பெரிதா என்று கேட்கலாம். சொல்லாமலும் இருக்கலாம். இல்ல அத்தை, இல்ல அத்தை என்று இனியும் சொல்லிக்கொண்டே இருக்கலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குக் கிடைத்தது போதும் என்று தோன்றியது.

மாமியார் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான். விமானம், ஜன்னல், கை, தோள், தாடை, மூச்சு, டீ. பரீட்சையையும் சொன்னான். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னான், முதல் தடவை அவருக்குக் கேட்டிருக்காதோ என்று. அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. மடித்துக்கொண்டிருந்த சட்டை பாதியில் நின்றது. அவன் அடிக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

“எந்தக் கைன்னு சொன்னா?” என்றார்.

“இடது கை.”

மாமியார் சட்டையைக் கீழே வைத்தார். சுவரைத் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார், எது எது என்று தெரியாதவர்போல.

“என்கிட்ட போன்ல வலது கை வலிக்குதுன்னு சொன்னா மாப்பிள்ளை. இடதுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேன்,” என்றார். “துணி பிழிஞ்சதுல பிடிச்சிருக்கும்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.”