நாத்தனாரின் தூக்கம்

காலையில் எழுந்ததும் அவன் பல் துலக்குவான். அடுப்பில் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் சின்ன அறைக்குப் போய், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்க் கேனைத் திறந்து, தொட்டிகள் நிற்கும் தட்டில் விரல்கணு அளவுக்கு ஊற்றுவான். செடிகளின் தலையில் ஊற்றக் கூடாது. திரும்பி வந்து காபியை நின்றபடியே குடிப்பான். சட்டை, செருப்பு, சாவி. கிளம்பும் முன் மறுபடி அந்தக் கதவைத் திறந்து விளக்கு எரிகிறதா என்று பார்ப்பான். எரியும். பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவான்.

விளக்கைச் செய்தவள் அவன் மனைவி. கடைப் பெயர்ப்பலகைகளுக்கு ஒளி எழுத்து செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. பலகையில் ஒட்டியது போக மிஞ்சும் எல்.இ.டி. துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். ஓட்டை விழுந்த அலுமினியத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் அவற்றை வரிசையாக ஒட்டி, ஈயம் வைத்து இணைத்தாள். செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த அடாப்டர் அதற்கு மின்சாரம் கொடுத்தது. புத்தக அலமாரியில் புத்தகங்களை இறக்கிவிட்டு, அந்தத் தட்டைத் தொங்கவிட்டு, ஒரு சாண் கீழே செடிகளை வைத்தாள். எல்லாம் பூச்சி தின்னும் செடிகள்.

மூன்றுக்கும் பெயர் உண்டு. வயிற்றில் எப்போதும் தண்ணீரோடு தொங்கும் குடுவைச் செடி குடிகாரர். இலையெல்லாம் பசைத் துளியாக மினுக்கும் செடி மினுக்கி. பல்வரிசையோடு வாய் பிளந்து நிற்கும் ஈப்பொறிச் செடிக்குப் பெயர் நாத்தனார். அவனுக்கு உடன்பிறப்பு கிடையாது. அந்தக் குறை தனக்கு வேண்டாம் என்று அவளே வைத்துக்கொண்ட நாத்தனார்.

"பேர் பொருத்தமாத்தான் இருக்கு," என்று வாய்க்குள் இருக்கும் மயிரிழையைக் குச்சியால் தொட்டுக் காட்டுவாள். "ஒரு தரம் தொட்டா பொறுத்துக்கும். ரெண்டாந்தரம் தொட்டுப் பாரு."

ரெண்டாம் தரம் வாய் படக்கென்று மூடிக்கொள்ளும்.

குழாய்த் தண்ணீர் இவற்றுக்கு ஆகாது. உரம் ஆகாது. நல்ல மண்ணும் ஆகாது. "வசதி பண்ணிக் குடுத்தா செத்துப்போகும். சில பேர் அப்படி," என்பாள். பேட்டரித் தண்ணீர் விற்கிற கடைக்காரர், "சார், வீட்டுல லாரி ஏதாவது ஓட்டறீங்களா?" என்று கேட்பார். முன்பெல்லாம் இருவரும் சிரிப்பார்கள். இப்போது அவன் ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறான்.

குளிர் தொடங்கிய வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு காலை, வழக்கம்போல் விளக்கைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். திரும்பவில்லை. அன்று போட்ட விளக்கு இன்னும் அணையவில்லை. ஸ்விட்சின் மேல் அவன் கறுப்பு டேப் ஒட்டியிருந்தான். கரண்ட் போனாலும் எரிய ஒரு பேட்டரியும் இணைத்திருந்தான்.

இப்போது குளிர் முடியப்போகிறது. மினுக்கியின் துளிகள் வற்றிவிட்டன. நாத்தனாரின் வாய்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துவிட்டன. மிச்சம் இருந்த ஒன்றிரண்டும், தொட்டால் மூடுவதில்லை. தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக இருந்த பாசியை அவன் மாற்றினான். தொட்டியைத் திருப்பி வைத்தான். இடுக்கியால் ஈ பிடித்து வந்து வாயில் வைத்தான். ஈ அப்படியே அழுகியது. இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் யோசிப்பதில்லை.

விடுமுறை நாள் ஒன்றில் அவள் அம்மா வந்தார். மகளின் துணிமணிகளை எடுத்துப்போக வந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, கன்னத்துல தண்ணி ஊத்தினா நிக்கும் போலிருக்கே. சாப்பிடறீங்களா இல்லையா?"

"சாப்பிடறேன் அத்தை."

"நீங்களா, உங்க நாத்தனாரா?"

"எனக்கு எப்படி நாத்தனார்? அவளுக்குத்தான்."

"சரி, அவ நாத்தனார். எங்கே, காட்டுங்க. போன்ல கேட்டுக் கேட்டுக் காது புளிச்சதுதான் மிச்சம், கண்ணால பார்த்ததில்ல."

காட்டினான். அத்தை குனிந்து பார்த்தார். சிரிக்க வந்தவர் சிரிக்கவில்லை.

"கருகிப்போச்சே மாப்பிள்ளை."

"எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன்."

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை சற்றுத் தலைசாய்க்க அந்த அறைக்குப் போனார். கட்டில் அங்கேதான் இருந்தது. வெள்ளை வெளிச்சம் முகத்தில் அடித்தது. அவர் எழுந்து, ஸ்விட்சைத் தேடி, டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினார்.

"தொடாதீங்க!"

அந்த வீட்டில் அவ்வளவு உரக்க யாரும் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. அவனுக்கே அது தன் குரலா என்றிருந்தது. அத்தை கையை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை.

"சும்மா கண்ணு கூசுதேன்னுதான் பார்த்தேன்."

"மன்னிச்சுக்குங்க அத்தை."

"அது கிடக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். துணியெல்லாம் சாக்கு." புடவைத் தலைப்பை மடியில் மடித்தார், பிரித்தார். "கடைசியா அவ என்ன சொன்னான்னு எல்லாரும் கேட்டாங்க. ஒண்ணும் பேசலைன்னு சொன்னீங்க. நான் அவளைப் பெத்தவ. அவ தூக்கத்துலகூடப் பேசுவா. வாயை மூடிக்கிட்டுப் போற ஆளா அவ?"

அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

"பெரிசா ஒண்ணும் இல்ல அத்தை. உங்களைப் பத்தி இல்ல."

"இருக்கட்டும்."

"என்னைப் பத்தியும் இல்ல."

"பின்னே யாரைப் பத்தி?"

"நாத்தனாரைப் பத்தி."

அத்தை அவனையே பார்த்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்பில் தொடங்கியது, எங்கே அழுகையாக மாறியது என்று சொல்ல முடியவில்லை. அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இந்தச் செடிக்குக் குளிர்காலத்தில் தூக்கம் வேண்டும் என்று அவன் சொன்னான். வெளிச்சத்தைக் குறைத்து, குளிர்ந்த ஜன்னலோரத்தில் வைக்க வேண்டும். இலை கறுக்கும், செத்ததுபோல் இருக்கும், அடியில் கிழங்கு உயிரோடு இருக்கும். தூங்காவிட்டால்தான் சாகும். எல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததுதான்.

"தெரிஞ்சுமா இப்படி விட்டீங்க?"

"அணைக்கச் சொல்லித்தான் அனுப்பினா. வீட்டுக்கு வந்து ஸ்விட்சுல கையை வெச்சேன். போன் அடிச்சுது. ஆஸ்பத்திரியிலேருந்து." நிறுத்தினான். "அவ சொன்ன வேலையில பாக்கி இது ஒண்ணுதான் அத்தை. இதையும் செஞ்சுட்டா அப்புறம் ஒண்ணுமே இல்ல."

அத்தை மூக்கை உறிஞ்சினார். "ஒரு வேலை சொன்னா உடனே செய்ய மாட்டீங்கன்னு அவ குறைப்பட்டுக்குவா. நான்தான் உங்களுக்குப் பரிஞ்சு பேசுவேன்." எழுந்து அலமாரி அருகே வந்தார். "கிழங்கு இருக்கான்னு பாருங்க. இல்லேன்னாலும் பார்த்துடறது நல்லது."

அவன் இடுக்கியை எடுத்தான். கறுத்த இலைகளை ஒவ்வொன்றாக விலக்கினான். பாசியை ஒதுக்கினான். முதலில் பழுப்பாக, கொழகொழவென்று ஏதோ வந்தது. அதை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் தோண்டினான். அரிசி மணி அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. விரல்நுனியால் அழுத்திப் பார்த்தான். அமுங்கவில்லை.

"இருக்கா?"

"கொஞ்சம்."

"குளிர் இன்னும் மிச்சம் இருக்கில்ல?"

"கொஞ்சம் இருக்கு."

பாசியைத் திரும்ப மூடினான். தொட்டியை எடுத்துப்போய்ச் சமையலறை ஜன்னலோரத்தில் வைத்தான். கண்ணாடி சில்லென்றிருந்தது. திரும்பி வந்து பேட்டரி வயரைக் கழற்றினான். டேப்பை உரித்தான், பசை விரலில் ஒட்டியது. மற்ற இரண்டும் ராத்திரி இருட்டில் இருந்துவிட்டுக் காலையில் வெளிச்சம் பார்த்தால் போதும். காலையில் அவனேதான் போட வேண்டும்.

அணைத்தான்.

அறை இருண்டுவிடவில்லை. பிற்பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து சும்மா கிடந்தது. இத்தனை நாளும் அது வந்து போயிருக்க வேண்டும். அவன் பார்க்கவில்லை.

"இன்னும் நீங்க சொல்லலையே," என்றார் அத்தை. "அவ சொன்னபடியே சொல்லுங்க. உங்களை வா போன்னுதான் பேசுவா, எனக்குத் தெரியும். எனக்காக மாத்தாதீங்க."

அன்று ஆஸ்பத்திரியில், பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் இரண்டு முறை வந்து சொல்லியிருந்தார். அவன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். அவள் முகத்தில் இருந்த பிராணவாயு மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள். மூச்சு வாங்கியது. குரலில் வழக்கமான அதட்டல் இருந்தது.

"போனதும் லைட்டை அணைச்சிடு, நாத்தனார் தூங்கட்டும். பேசிக்கிட்டே நிக்காத, கிளம்பு, பஸ் போயிடும்."